மென்பொருள் நிறுவும்போது பிழைச்செய்தி வந்தால்: காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

பச்சைப் பட்டை முக்கால்வாசி தூரம் போகும், ஒரு கணம் நிற்கும், பிறகு மெல்லப் பின்னோக்கி நகரும். கடைசியில் ஒரு சின்னப் பெட்டி வந்து, நிறுவலின்போது பெரும் பிழை நேர்ந்தது, எண் 1603 என்று சொல்லும். பெரும்பாலோர் அந்த எண்ணைத் தேடுபொறியில் போட்டு, வருகிற யோசனைகளையெல்லாம் வரிசையாகச் செய்துபார்க்கிறார்கள். ஆன்டிவைரஸை நிறுத்துகிறார்கள், விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் எதையோ அழிக்கிறார்கள், கணினியைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் ஏதோ ஒன்றை இறக்கிப் போடுகிறார்கள். சில சமயம் வேலை நடந்துவிடும். நடக்காவிட்டால், ஒரு சிக்கல் இருந்த கணினியில் இப்போது மூன்று சிக்கல்கள்.

அந்தப் பெட்டி சொல்வது முடிவை மட்டும்தான். பட்டை பின்னோக்கிப் போகும் நேரத்தில், இன்ஸ்டாலர் அதுவரை வைத்த கோப்புகளைத் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறது. இதை ரோல்பேக் என்பார்கள். தவறு நடந்தது அதற்கும் முன்பு. முதலில் எந்த இடத்தில் தடுக்கியது என்று கண்டுபிடித்துவிட்டால், பெரும்பாலும் ஒரே ஒரு மாற்றம் போதும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த முதல் இடத்தைத் தேடுவதைப் பற்றியதுதான். விண்டோஸுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன். லினக்ஸ், மேக், ஆண்ட்ராய்டு பின்னால் வரும். கட்டளைகளை ஒலிப்படி எழுதியிருக்கிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

## பெட்டியை உடனே மூடாதீர்கள்

'ஓகே' கொடுத்துவிட்டால் அந்தச் செய்தி போய்விடும். மறுபடி வரவழைக்க மொத்த நிறுவலையும் திரும்ப ஓட்ட வேண்டும். விண்டோஸின் வழக்கமான செய்திப்பெட்டி என்றால், அது திரையில் முன்னால் இருக்கும்போதே கன்ட்ரோல் விசையோடு சி அழுத்துங்கள். பிறகு நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள்: தலைப்பு, செய்தி, பொத்தான்களின் பெயர்கள் எல்லாம் எழுத்தாகவே வந்து விழும். பலருக்குத் தெரியாத வசதி இது. பார்த்து எழுதும்போது ஓர் இலக்கம் மாறினாலும் தேடல் வேறெங்கோ போய்விடும் என்பதால், கையால் எழுதுவதைவிட இது நல்லது. வேறு வகைப் பெட்டி என்றால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். 'விவரங்கள்' என்று ஒரு பொத்தான் இருந்தால் அதையும் திறந்து பாருங்கள். உண்மையான எண்ணும் கோப்பின் பெயரும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

செய்தியோடு இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: எந்தக் கட்டத்தில் நின்றது? இரட்டைக் கிளிக் செய்தவுடனே என்றால், கோப்பு பழுதானது, உங்கள் கணினிக்குப் பொருந்தாதது, அல்லது பாதுகாப்பு அமைப்பு தடுத்தது. கோப்புகளைப் பிரிக்கும்போது என்றால் டிஸ்க் இடம், தற்காலிக ஃபோல்டர், ஆன்டிவைரஸ் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கோப்புகளை நகலெடுக்கும்போது நின்றால் அனுமதிப் பிரச்சினை, இல்லாவிட்டால் பழைய பதிப்பு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கடைசி நேரத்தில் விழுந்தால், அந்த மென்பொருள் தன் சர்வீஸையோ (பின்னணியில் ஓடும் பகுதி) டிரைவரையோ (வன்பொருளோடு பேசும் நிரல்) தொடங்க முயன்று தோற்றிருக்கலாம். நன்றாக முடிந்து, முதல்முறை திறக்கும்போது செய்தி வந்தால், அநேகமாக அதற்குத் தேவையான வேறொரு தொகுப்பு உங்களிடம் இல்லை. இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தாலே பாதி சாத்தியங்கள் கழிந்துவிடும்.

## எதையும் மாற்றாமல் செய்யக்கூடிய சோதனைகள்

முதலில் ரீஸ்டார்ட். தட்டிக்கழிக்கச் சொல்லும் யோசனை மாதிரித் தெரியும், ஆனால் காரணம் இருக்கிறது. முந்தைய அப்டேட் ஒன்று சில கோப்புகளை மாற்றுவதற்கு அடுத்த தொடக்கத்துக்காகக் காத்திருந்தால், புதிய இன்ஸ்டாலர் அவற்றைத் தொட முடியாமல் திணறும். ஒன்றைக் கவனியுங்கள்: விண்டோஸ் 10, 11-இல் ஷட் டவுன் செய்து மறுபடி ஆன் செய்வது இதற்குச் சமம் இல்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இயங்கினால், ஷட் டவுனின்போது இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் நிலை டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அப்படியே திரும்ப வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

அடுத்து, இறக்கிய கோப்பு. சில நூறு எம்பி இருக்க வேண்டிய இன்ஸ்டாலர் சில கேபி மட்டுமே இருந்தால், உங்களிடம் இருப்பது இன்ஸ்டாலரே இல்லை. ஓர் உள்நுழைவுப் பக்கமோ பிழைப் பக்கமோ அந்தப் பெயரில் சேமிக்கப்பட்டிருக்கும். நோட்பேடில் திறந்தால் உடனே தெரிந்துவிடும்: உண்மையான எக்ஸ்இ கோப்பு எம், இசட் என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்கும், இணையப் பக்கமாக இருந்தால் ஹெச்டிஎம்எல் குறிகள் நிறைந்திருக்கும். 'நிறுவல் கோப்புகள் பழுதடைந்துள்ளன', 'இன்டெக்ரிட்டி செக் தோல்வி' என்ற செய்திகளுக்கும் முதல் மருந்து மறுபடி இறக்குவதுதான், முடிந்தால் வேறு பிரவுசரில், வேறு இணைப்பில்.

அளவு சரியாக இருந்தாலும் உள்ளே ஒரு பிட் மாறியிருக்கலாம். தயாரிப்பாளர் தன் தளத்தில் எஸ்ஹெச்ஏ-256 மதிப்பு (கோப்பின் கைரேகை மாதிரி) கொடுத்திருந்தால் ஒப்பிடுங்கள். கட்டளைகளைத் தட்டும் பவர்ஷெல்லைத் திறந்து 'கெட்-ஃபைல்ஹாஷ்' என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, கோப்பை இழுத்து அந்த விண்டோவுக்குள் போட்டால் அதன் முகவரி தானாக வரும். என்டர் அழுத்தினால் 64 இலக்கங்கள் கொண்ட மதிப்பு கிடைக்கும். லினக்ஸில் 'எஸ்ஹெச்ஏ256சம்', மேக்கில் 'எஸ்ஹெச்ஏசம் -ஏ 256'. முதல் நான்கும் கடைசி நான்கும் பொருந்துகிறது என்று விட்டுவிடாமல் முழுவதையும் ஒப்பிடுங்கள்.

மீதிச் சோதனைகளை வேகமாக முடிக்கலாம். சி டிரைவில் இடம் இருக்கிறதா பாருங்கள். மென்பொருளை வேறு டிரைவில் போட்டாலும், இன்ஸ்டாலர் தன் கோப்புகளைப் பிரித்து வைப்பது பெரும்பாலும் சி டிரைவில் இருக்கும் டெம்ப் என்ற தற்காலிக ஃபோல்டரில்தான். தேதியும் நேரமும் சரியா? கடிகாரம் தவறாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தெரியும், இணையத்திலிருந்து இறக்கும் இன்ஸ்டாலர்கள் இணைப்புப் பிழை காட்டும். 64-பிட் மென்பொருள் 32-பிட் விண்டோஸில் ஓடவே ஓடாது. ஆர்ம் என்ற வேறு வகைச் சிப் உள்ள கணினிகளில் சாதாரண நிரல்கள் பல ஓடினாலும், டிரைவர் தேவைப்படும் விபிஎன், ஆன்டிவைரஸ், பிரின்டர் மென்பொருள்களுக்கு ஆர்ம் பதிப்பே வேண்டும். எஸ் மோடில் உள்ள விண்டோஸ், மைக்ரோசாஃப்ட் ஸ்டோருக்கு வெளியே எதையும் நிறுவ விடாது; அமைப்புகளில் போய் அந்த மோடை விட்டு வெளியேறலாம், ஆனால் அதற்குள் திரும்பிப் போக வழியில்லை.

தமிழில் பயனர்பெயர் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். விண்டோஸ் கணக்கைத் தமிழ் எழுத்தில் தொடங்கியிருந்தால், உங்கள் பயனர் ஃபோல்டரின் பெயரும் தமிழில் இருக்கும், டெம்ப் ஃபோல்டர் அதற்குள் இருக்கும். யூனிகோடைச் சரியாகக் கையாளாத பழைய இன்ஸ்டாலர்களும் சில நிரலாக்கக் கருவிகளும் அந்த முகவரியைப் படிக்க முடியாமல், 'கோப்பு கிடைக்கவில்லை' என்று சம்பந்தமே இல்லாத செய்தியைக் காட்டும். பெயரை மாற்றத் தேவையில்லை. சி டிரைவில் ஆங்கில எழுத்தில் ஒரு ஃபோல்டரை உருவாக்கி, சிஸ்டம் அமைப்புகளில் என்விரான்மென்ட் வேரியபிள்ஸ் பகுதியில் டெம்ப், டிஎம்பி இரண்டையும் அதற்குத் திருப்பிவிட்டு முயன்றுபாருங்கள். முகவரி மிக நீளமாக இருந்தாலும் இதே மாதிரிக் கோளாறு வரும்; பல பழைய நிரல்களுக்கு 260 எழுத்துகள்தான் வரம்பு. ஃபோல்டருக்குள் ஃபோல்டராக ஆழத்தில் கிடக்கும் இன்ஸ்டாலரை டிரைவின் மேல்மட்டத்துக்கு நகர்த்தி ஓட்டினாலே சரியாகிவிடலாம்.

## எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இது. பிழை எண்கள் மந்திரம் மாதிரித் தெரிந்தாலும், அவற்றுக்குள் ஒழுங்கு இருக்கிறது.

விண்டோஸ் அப்டேட்டும் சில இன்ஸ்டாலர்களும் 80070643 போன்ற நீண்ட எண்ணைக் காட்டும், முன்னால் பூஜ்யமும் எக்ஸும் சேர்த்து. அந்த முன்னொட்டு, இது பதினாறு அடிமான எண் என்பதற்கான அடையாளம். அதற்குப் பின் 8007 என்று தொடங்கினால், உள்ளே இருப்பது விண்டோஸின் சாதாரணப் பிழை எண்தான், வேறு உடையில். கால்குலேட்டரைத் திறந்து புரோகிராமர் முறைக்கு மாற்றுங்கள். ஹெக்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து, கடைசி நான்கு இலக்கங்களை, அதாவது 0643-ஐத் தட்டுங்கள். டெசிமல் வரியில் 1603 என்று வரும். ஆக, 80070643-உம் 1603-உம் ஒரே பிழை! இதே மாதிரி 80070652 என்பது 1618. 80070070 என்பது 112, டிஸ்க் நிரம்பிவிட்டது. 80070020 என்பது 32, வேறொரு நிரல் அந்தக் கோப்பைப் பிடித்து வைத்திருக்கிறது. 80070005 என்பது வெறும் 5, அனுமதி மறுப்பு.

எண் கிடைத்ததும் கமாண்ட் பிராம்ப்ட் என்ற கட்டளை விண்டோவில் 'நெட் ஹெல்ப்எம்எஸ்ஜி' என்று தட்டி, இடைவெளி விட்டு எண்ணைக் கொடுத்தால், அதன் பொருளை விண்டோஸே சொல்லும். இணையம்கூடத் தேவையில்லை.

சில எண்கள் பிழையே இல்லை. 3010 என்றால் நிறுவல் வெற்றி, ரீஸ்டார்ட் மட்டும் பாக்கி. 1641 என்றால் வெற்றி, ரீஸ்டார்ட் தொடங்கிவிட்டது. 1602 என்றால் யாரோ ரத்து செய்திருக்கிறார்கள். வேறு சில, காரணத்தை நேராகச் சொல்லிவிடும். 1638 என்றால் இன்னொரு பதிப்பு ஏற்கெனவே இருக்கிறது, அதை நீக்கிவிட்டு வாருங்கள். 1633 என்றால் உங்கள் பிராசசருக்கான தொகுப்பு இது இல்லை. 1625 என்றால் கணினியின் நிர்வாகக் கொள்கை தடுக்கிறது. அலுவலகக் கணினியாக இருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு ஐடி பிரிவிடம் கேளுங்கள். குறுக்குவழி தேடி வேலைக்கே வம்பு தேடிக்கொள்ள வேண்டாம்.

## அடிக்கடி வருபவை, ஒவ்வொன்றாக

1618 எளிது: இன்னொரு நிறுவல் நடந்துகொண்டிருக்கிறது. விண்டோஸ் இன்ஸ்டாலர் ஒரே நேரத்தில் ஒரு நிறுவலைத்தான் அனுமதிக்கும். பின்னணியில் விண்டோஸ் அப்டேட்டோ வேறு மென்பொருளின் தானியங்கி அப்டேட்டோ ஓடிக்கொண்டிருக்கலாம். பத்து நிமிடம் பொறுத்து முயலுங்கள், இல்லையென்றால் ரீஸ்டார்ட். டாஸ்க் மேனேஜரில் போய் அந்த வேலையைக் கொல்லச் சொல்லும் யோசனை நிறைய இடங்களில் இருக்கிறது; பாதியில் வெட்டினால் அந்த இன்னொரு மென்பொருள் அரைகுறையாக நின்றுவிடும், அதனால் அதைக் கடைசிக்கு வையுங்கள்.

1601 வந்தால் விண்டோஸ் இன்ஸ்டாலர் சர்வீஸையே அணுக முடியவில்லை என்று பொருள். நீங்கள் சேஃப் மோடில் இருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். அங்கே அந்தச் சர்வீஸ் இயல்பாக ஓடாது.

அனுமதி மறுப்பு, அதாவது 5, அல்லது உயர்த்தப்பட்ட அனுமதி கேட்கும் 740. எக்ஸ்இ கோப்பு என்றால் வலது கிளிக் செய்து 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுங்கள். எம்எஸ்ஐ (விண்டோஸ் இன்ஸ்டாலருக்கான தொகுப்பு) கோப்புக்கு அந்த மெனு வழக்கமாக வராது. கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறந்து, அங்கிருந்து கோப்பை ஓட்டுங்கள். அட்மினாக ஓட்டியும் எழுத முடியவில்லை என்றால், விண்டோஸ் செக்யூரிட்டியில் 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' இயங்குகிறதா பாருங்கள். ரான்சம்வேரிலிருந்து (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல்) காப்பாற்ற, அறிமுகமில்லாத நிரல்கள் டாக்குமென்ட்ஸ் போன்ற ஃபோல்டர்களில் எழுதுவதை அது தடுக்கும். தடுத்த விவரம் 'புரொடெக்‌ஷன் ஹிஸ்டரி'யில் இருக்கும், அங்கிருந்தே அந்த ஒரு நிரலுக்கு மட்டும் அனுமதி தரலாம்.

1603-க்குக் காரணங்கள் பல. மைக்ரோசாஃப்ட் சொல்லும் முக்கியமானவை: அதே மென்பொருள் ஏற்கெனவே இருக்கிறது, நிறுவும் ஃபோல்டர் என்கிரிப்ட் செய்யப்பட்டிருக்கிறது, அந்த டிரைவ் உண்மையான டிரைவ் இல்லாமல் இன்னொரு ஃபோல்டருக்கான மாற்றுப்பெயராக இருக்கிறது, அல்லது விண்டோஸ் தன் உள்வேலைகளுக்கு வைத்திருக்கும் 'சிஸ்டம்' கணக்குக்கு அந்த ஃபோல்டரில் முழு அனுமதி இல்லை. கடைசியானதைப் பார்க்க, ஃபோல்டரின் புராபர்டீஸில் செக்யூரிட்டி பகுதிக்குப் போங்கள். நாம் அட்மின் என்பதால் எல்லாம் நடக்கும் என்று நினைக்கிறோம், ஆனால் நிறுவலின் முக்கிய வேலைகளைச் செய்வது நம் கணக்கு இல்லை, சிஸ்டம் கணக்கு. இவை எதுவும் பொருந்தாவிட்டால் ஊகித்துக்கொண்டிருக்க வேண்டாம், நேராக லாகுக்கு, அதாவது இன்ஸ்டாலர் தான் செய்வதையெல்லாம் எழுதி வைக்கும் பதிவுக் கோப்புக்குப் போங்கள்.

1327 ஒரு விசித்திரமான பிழை. 'தவறான டிரைவ்: எஃப்' என்று சொல்லும், உங்கள் கணினியில் எஃப் டிரைவே இருக்காது, நீங்கள் நிறுவச் சொன்ன இடமும் அது இல்லை. என்றோ ஒருநாள் டாக்குமென்ட்ஸ் அல்லது படங்கள் ஃபோல்டரை வெளி டிரைவுக்கு மாற்றியிருப்பீர்கள், அந்த டிரைவ் இப்போது இல்லை. விண்டோஸ் மட்டும் இன்னும் அந்த முகவரியையே நினைவில் வைத்திருக்கிறது. நிறுவலுக்கு முன் இன்ஸ்டாலர் இந்த ஃபோல்டர்களையெல்லாம் ஒருமுறை சரிபார்க்கும்போது மாட்டிக்கொள்கிறது. டாக்குமென்ட்ஸை வலது கிளிக் செய்து, புராபர்டீஸில் 'லொகேஷன்' பகுதியில் இயல்பு நிலைக்குத் திருப்புங்கள். படங்கள், பாடல்கள், வீடியோ ஃபோல்டர்களையும் அப்படியே பார்த்துவிடுங்கள். ரெஜிஸ்ட்ரியைத் தொட வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது.

## டிஎல்எல் காணவில்லை என்றால்

'விசிரன்டைம்140.டிஎல்எல் கிடைக்கவில்லை', 'எம்எஸ்விசிபி140.டிஎல்எல் கிடைக்கவில்லை'. டிஎல்எல் என்பது பல நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் துணைக்கோப்பு. இவை மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் என்ற இலவசத் தொகுப்பின் கோப்புகள். 140 என்ற எண் 2015 முதலான பதிப்புகளைக் குறிக்கிறது. அவை எல்லாவற்றுக்கும் ஒரே தொகுப்பு போதும். 120 என்றால் 2013, 110 என்றால் 2012, 100 என்றால் 2010. இந்தப் பழையவற்றுக்கு அந்தந்த ஆண்டின் தொகுப்பே வேண்டும், புதியது போட்டால் ஆகாது.

64-பிட் விண்டோஸ் வைத்திருந்தாலும் 32-பிட், 64-பிட் தொகுப்புகள் இரண்டையும் நிறுவுங்கள். 32-பிட் நிரலுக்கு 32-பிட் டிஎல்எல்தான் பொருந்தும்.

தயவுசெய்து செய்யாதீர்கள் என்று நான் கேட்டுக்கொள்வது ஒன்று உண்டு: அந்த ஒற்றை டிஎல்எல் கோப்பை மட்டும் ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்கி சிஸ்டம்32 ஃபோல்டரில் போடுவது. அந்தக் கோப்பை யார் தொட்டார்கள் என்று தெரியாது, பாதுகாப்பு அப்டேட்டும் அதற்கு வராது. இன்னொரு பொறியும் இருக்கிறது. 64-பிட் விண்டோஸில் சிஸ்டம்32 என்ற ஃபோல்டருக்குள் இருப்பவை 64-பிட் கோப்புகள். 32-பிட் கோப்புகள் சிஸ்வாவ்64 என்ற ஃபோல்டரில் இருக்கின்றன. பெயரைப் பார்த்து நகலெடுத்தால் தவறான பிட் தவறான இடத்தில் உட்கார்ந்துகொள்ளும், பிறகு சி000007பி என்ற எண்ணோடு நிரல் திறக்கவே மறுக்கும். அந்த எண் எங்கே வந்தாலும் 32-பிட், 64-பிட் கலப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

டாட்நெட் 3.5 (நிரல்கள் ஓடத் தேவையான மைக்ரோசாஃப்ட் தொகுப்பு) கேட்கும் பழைய மென்பொருள்களும் உண்டு. விண்டோஸ் 10-இலும் 11-இன் பெரும்பாலான பதிப்புகளிலும் 'விண்டோஸ் ஃபீச்சர்ஸ்' பட்டியலில் அதை டிக் செய்தால் போதும். 800எஃப்081எஃப் என்று பிழை வந்தால், அதற்கான மூலக்கோப்புகள் கிடைக்கவில்லை என்று பொருள். இணைப்பைச் சரிபாருங்கள், அல்லது அதே விண்டோஸ் பதிப்பின் நிறுவல் டிஸ்க்கிலிருந்து கொடுங்கள்.

## லாகைத் திறந்து பாருங்கள்

மேலே சொன்ன எதுவும் பொருந்தவில்லை என்றால் லாக்தான் வழி. ஆயிரக்கணக்கான வரிகள் இருக்கும், முழுவதும் படிக்கத் தேவையில்லை.

எம்எஸ்ஐ கோப்புக்கு, அட்மின் கமாண்ட் பிராம்ப்டில் 'எம்எஸ்ஐஎக்செக் /ஐ' என்று தட்டி, கோப்பின் முகவரியைக் கொடுத்து, '/எல்*வி' என்று சேர்த்து, லாக் எழுத வேண்டிய கோப்பின் பெயரைக் கொடுங்கள். எக்ஸ்இ இன்ஸ்டாலர்கள் பல, கேட்காமலே டெம்ப் ஃபோல்டரில் லாக் எழுதிவிடும். பிழை வந்த உடனே டெம்ப் ஃபோல்டரைத் திறந்து, மாற்றிய நேரப்படி வரிசைப்படுத்துங்கள். மேலே நிற்கும் புதிய லாக் அல்லது உரைக் கோப்புதான் நமக்கு வேண்டியது. இன்னோ செட்டப் வகை இன்ஸ்டாலர் என்றால் '/லாக்' என்று சேர்த்து ஓட்டினால் எழுதும்.

எம்எஸ்ஐ லாகை நோட்பேடில் திறந்து 'ரிட்டர்ன் வேல்யூ 3' என்று தேடுங்கள். மேலிருந்து கீழே தேடுங்கள், முதலில் கிடைப்பதுதான் முக்கியம். அதன்பின் அதே சொல் மறுபடி மறுபடி வரும். உள்ளே ஒரு செயல் தோற்றதால் அதைச் சுற்றியுள்ள பெரிய செயல்களும் வரிசையாகத் தோற்றதாக எழுதப்படுகின்றன, அவற்றைப் பொருட்படுத்த வேண்டாம். முதல் இடத்துக்கு மேலே பத்திருபது வரிகளைப் பொறுமையாகப் படியுங்கள். உதாரணமாக, அங்கே 'எரர் 1304' என்று ஒரு வரியும் அதோடு ஒரு கோப்பின் முகவரியும் இருக்கலாம். குறிப்பிட்ட கோப்பில் எழுத முடியவில்லை என்பது அதன் பொருள். வெளியே பெட்டியில் 1603 என்று மொட்டையாக வந்தது. உள்ளே எந்தக் கோப்பு, எந்த ஃபோல்டர் என்று தெளிவாக இருக்கிறது. அந்த ஃபோல்டரின் அனுமதியைப் பாருங்கள், அந்தக் கோப்பை எந்த நிரல் திறந்து வைத்திருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் பழைய பதிப்பு டாஸ்க்பாரின் மூலையில் ஐகானாக இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

லாகில் 'நோட்: 1: 2205' போன்ற வரிகள் ஏராளமாக வரும். பார்த்ததும் பிழை மாதிரித் தோன்றும், ஆனால் வெற்றிகரமான நிறுவல்களிலும் இவை இருக்கும். விண்டோஸ் வேறு மொழியில் இருந்தால் 'ரிட்டர்ன் வேல்யூ' என்ற தொடர் அந்த மொழியில் எழுதப்பட்டிருக்கலாம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

லாக் கிடைக்காவிட்டால், விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அப்ளிகேஷன் பகுதியில் 'எம்எஸ்ஐ இன்ஸ்டாலர்' என்ற மூலத்தைத் தேடுங்கள். தோல்வி 11708 என்ற எண்ணில் பதிவாகும், வெற்றி 11707.

## ஆன்டிவைரஸை நிறுத்தலாமா?

முதல் படியாக ஒருபோதும் வேண்டாம். முதலில் அதன் வரலாற்றைத் திறந்து, உண்மையிலேயே அது எதையாவது தடுத்ததா, தனிமைப்படுத்தியதா என்று பாருங்கள். அங்கே ஒன்றும் இல்லையென்றால், அதை நிறுத்தினாலும் பலன் கிடைப்பது சந்தேகம்தான். தடுத்திருந்தால், கோப்பின் புராபர்டீஸில் டிஜிட்டல் சிக்னேச்சர் பகுதியைத் திறந்து, கையொப்பம் தயாரிப்பாளருடையதுதானா, செல்லுபடியாகிறதா என்று சரிபாருங்கள். எஸ்ஹெச்ஏ மதிப்பும் பொருந்தினால், அந்த ஒரு கோப்புக்கு மட்டும் விலக்கு கொடுங்கள். திருட்டுப் பதிப்புகளோடு வரும் குறிப்பில் 'ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு நிறுவவும்' என்று எழுதியிருக்கும். அந்த வாசகத்தைக் கண்டால் கோப்பை அழித்துவிடுங்கள். உங்கள் வங்கிக் கணக்கும் புகைப்படங்களும் அந்தக் கணினியில்தான் இருக்கின்றன.

## பழைய பதிப்பின் மிச்சங்கள்

முறையாக நீக்காத பழைய பதிப்பு, புதியதை உள்ளே விடாது. செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலிலிருந்து நீக்குங்கள், ரீஸ்டார்ட் செய்யுங்கள், பிறகு நிறுவுங்கள். நீக்கவும் முடியவில்லை என்றால், தயாரிப்பாளரே நீக்கும் கருவி தருகிறாரா பாருங்கள். ஆன்டிவைரஸ், கிராஃபிக்ஸ் டிரைவர் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் தருவார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'இன்ஸ்டாலர்' என்று மறைந்திருக்கும் ஒரு ஃபோல்டர் உண்டு, பல ஜிபி அளவுக்கு வளரும். இடம் மிச்சம் செய்ய அதைக் காலி செய்யச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதில் இருப்பவை நீங்கள் நிறுவிய ஒவ்வொரு எம்எஸ்ஐ மென்பொருளையும் பிற்பாடு சரிசெய்யவும் மேம்படுத்தவும் நீக்கவும் தேவையான கோப்புகள். அழித்துவிட்டால், பல மாதங்கள் கழித்து ஒரு சாதாரண அப்டேட் 1612 என்று நிறுவல் மூலத்தைக் கேட்டு நிற்கும், காரணம் யாருக்கும் நினைவிருக்காது.

பல மென்பொருள்கள் ஒரே நேரத்தில் நிறுவ மறுத்தால், சிக்கல் விண்டோஸிலேயே இருக்கலாம். அட்மின் கமாண்ட் பிராம்ப்டில் முதலில் 'டிஸ்ம் /ஆன்லைன் /கிளீனப்-இமேஜ் /ரீஸ்டோர்ஹெல்த்', அது முடிந்த பிறகு 'எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ்'. வரிசை முக்கியம்: முன்னது சரிசெய்து வைக்கும் மூலத்திலிருந்துதான் பின்னது கோப்புகளை எடுக்கிறது.

## லினக்ஸ், மேக், ஆண்ட்ராய்டு

உபுண்டு, டெபியனில் பிழைச்செய்திகள் நேர்மையானவை. தீர்வையும் பல நேரம் அவையே சொல்லிவிடும். 'டிபிகேஜி (தொகுப்புகளை நிறுவும் நிரல்) பாதியில் நின்றது' என்ற செய்தியிலேயே அடுத்து ஓட்ட வேண்டிய கட்டளை இருக்கும், அதை நகலெடுத்து ஓட்டினால் போதும். 'பூட்டை (ஆங்கிலத்தில் லாக்; மேலே சொன்ன பதிவுக் கோப்பு இல்லை) பெற முடியவில்லை' என்றால் வேறொரு நிரல் தொகுப்புகளைக் கையாண்டுகொண்டிருக்கிறது, பெரும்பாலும் பின்னணியில் ஓடும் தானியங்கி அப்டேட். செய்தியிலேயே அதன் பெயரும் எண்ணும் இருக்கும். காத்திருங்கள். அந்தப் பூட்டுக் கோப்பை அழிக்கச் சொல்லும் யோசனையை ஏற்க வேண்டாம். ஒரே நேரத்தில் இரண்டு நிரல்கள் தொகுப்புப் பதிவேட்டில் எழுதினால் அது சிதைந்துபோகும். சார்புகள் (ஒரு தொகுப்புக்குத் தேவையான மற்ற தொகுப்புகள்) நிறைவேறவில்லை என்றால் 'ஏபிடி --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்' முயலுங்கள். அது ஏதாவது தொகுப்புகளை நீக்கப்போவதாகப் பட்டியல் காட்டினால், 'ஒய்' அழுத்துமுன் அந்தப் பட்டியலை வரிவரியாகப் படியுங்கள். டெஸ்க்டாப்பே அந்தப் பட்டியலில் இருக்கலாம். 'ரிலீஸ் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை' என்றால் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது.

பைத்தான் நிரல்மொழியில் 'எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்' என்ற செய்தி டெபியன் 12, உபுண்டு 23.04 முதல் வருகிறது. கணினியின் சொந்தப் பைத்தானுக்குள், பைத்தான் தொகுப்புகளை நிறுவும் பிப் எதையும் போடக் கூடாது என்பதற்கான காவல் அது. செய்தியில் சொல்லும் 'பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்' வழியை விட்டுவிட்டு, வீஎன்வி என்ற பைத்தான் கருவி மூலம் தனிச் சூழல் ஒன்றை உருவாக்கி அதற்குள் நிறுவுங்கள்.

மேக்கில் பெரும்பாலான தடைகள் அதன் பாதுகாப்பு அமைப்பான கேட்கீப்பரிடமிருந்து வருகின்றன. தயாரிப்பாளரைச் சரிபார்க்க முடியவில்லை என்று வந்தால், கன்ட்ரோலோடு கிளிக் செய்து திறக்கும் பழைய வழி 2024-இல் வந்த செக்கோயா பதிப்பில் எடுக்கப்பட்டுவிட்டது. இப்போது சிஸ்டம் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதிக்குப் போய் 'ஓப்பன் எனிவே' கொடுக்க வேண்டும். 2019-இன் கேட்டலினா முதல் 32-பிட் செயலிகள் ஓடாது. அதற்குத் தீர்வு புதிய பதிப்பு மட்டுமே.

ஆண்ட்ராய்டில் 'ஆப் நிறுவப்படவில்லை' என்பது பல காரணங்களுக்கும் ஒரே செய்தி. இடம் இருந்தும் வந்தால், அதே பெயரில் வேறு கையொப்பத்துடன் அந்தச் செயலி ஏற்கெனவே இருக்கலாம், அல்லது இருப்பதைவிடப் பழைய பதிப்பைப் போட முயல்கிறீர்கள். இருப்பதை நீக்கிவிட்டு முயலலாம், ஆனால் அதன் தரவுகளும் போய்விடும் என்பதால் முதலில் பேக்கப் எடுங்கள். 'தொகுப்பைப் படிப்பதில் சிக்கல்' என்றால் கோப்பு பழுது, அல்லது உங்கள் ஆண்ட்ராய்டு பதிப்பு அந்தச் செயலிக்குப் போதாது. எதிர்ப்பக்கமும் உண்டு: ஆண்ட்ராய்டு 14, மிகப் பழைய ஆண்ட்ராய்டுக்காக, அதாவது 6.0-க்கு முந்தைய பதிப்புகளைக் குறிவைத்து எழுதிய செயலிகளை நிறுவ மறுக்கும்.

## பிறரிடம் கேட்கும்போது

இதற்குப் பிறகும் தீரவில்லை என்றால் தயாரிப்பாளரின் உதவிப் பிரிவுக்கு எழுதுங்கள். 'இன்ஸ்டால் ஆகவில்லை' என்று மட்டும் எழுதினால், திரும்பி வரும் பதிலும் ரீஸ்டார்ட் செய்துபாருங்கள் என்பதாகத்தான் இருக்கும். இயங்குதளமும் அதன் பதிப்பு எண்ணும் (விண்டோஸில் 'வின்வெர்' என்று தட்டினால் தெரியும்), மென்பொருளின் துல்லியமான பதிப்பு, செய்தியின் முழு வாசகம், எந்தக் கட்டத்தில் நின்றது, இதுவரை என்னென்ன செய்தீர்கள், ஒவ்வொன்றுக்குப் பிறகும் செய்தி மாறியதா இல்லையா, இவ்வளவையும் எழுதுங்கள். கடைசியானது மிகவும் பயன்படும். ஒரு மாற்றத்துக்குப் பிறகு வேறு பிழை வந்தால், முதல் தடை விலகிவிட்டது என்று பொருள். அதனால்தான் ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, பலனைக் குறித்து வைக்க வேண்டும்.

லாக் கோப்பையும் இணையுங்கள். அனுப்புமுன் அதற்குள் உங்கள் பயனர்பெயர், கணினியின் பெயர், நிறுவலின்போது தட்டிய லைசன்ஸ் எண், சில நேரம் கடவுச்சொல்கூட இருக்கிறதா என்று தேடி, இருந்தால் அந்த இடத்தில் நட்சத்திரக் குறி போட்டு மறைத்துவிடுங்கள். பிழை நடந்த பகுதியில் எதையும் வெட்டாமல் விடுங்கள்.